நடந்து செல்லக்கூடிய தீவுக்கு நாம் பாய் விரித்துச் சென்றோம்

யாழ்ப்பாணத்தவராகிய எமக்குத் தீவுகள் புதியன அல்ல. நெடுந்தீவும் நயினாதீவும் சிறு பருவந்தொட்டே நாம் கண்டு பழகியவை. ஆயினும், ஒரு தனி மனிதன் தன் மன நிறைவுக்கெனவே அமைத்துக்கொண்ட தீவொன்றை நாம் கண்டதில்லை. சென்ற மாசி மாதம் உயர்வகுப்பு மாணாக்கர் அறுவரோடு தென்னிலங்கைக்குச் சென்றபோது அவ்வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று.

காலிக்கும் மாத்தறைக்கும் இடையே பிறைபோல வளைந்து கிடக்கிறது வெலிகாமக் குடா. கரைக்கு மிக அண்மையில், கூப்பிடு தூரத்தில், செடியும் தென்னையும் மூடிய பாறைக் குன்று ஒன்று நீரிலிருந்து எழுந்து நிற்கிறது. அதன் உச்சியில் வெண்ணிற மாளிகை. அதுவே தப்ரபேன் தீவு. பண்டைக் கிரேக்கர் இலங்கை முழுவதற்கும் வழங்கிய பெயரைத் தாங்கி நிற்கும் மிகச் சிறிய நிலத்துண்டு அது!

கடல் வற்றிய வேளையில் நீரில் நடந்தே அதனை அடைந்துவிடலாம். அவ்வூர் முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் எமது பழைய நண்பர். அவரே எமக்கு வழிகாட்டி. "நடந்தும் போகலாம் சேர். ஆனால் ஓடத்தில் போனால்தான் தீவு தீவாகத் தெரியும்" என்றார் அவர். மாணாக்கர் அதனையே விரும்பினர். மீன்பிடிக்கு இயந்திரப் படகுகளே மலிந்துவிட்ட இந்நாளில், பாய் கட்டிய ஓடமொன்றைத் தேடிப் பிடிப்பதற்கே அரை நாள் சென்றது.

சிங்கள மக்கள் 'ஒருவ' என வழங்கும் அவ்வோடம் வியக்கத்தக்கது. குடைந்த மரத்தின்மேற் பலகைகளைக் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். ஒரு புறத்தில் இரு வளைகழிகளின் நுனியில் மிதவைக் கட்டையொன்று நீரைத் தழுவிக்கொண்டு வருகிறது. இம்மிதவை எப்போதும் காற்று வரும் திசையிலேயே இருத்தல் வேண்டும். ஆதலால் ஓடத்தைத் திருப்புவதில்லை. பாயை மாற்றிக் கட்டி, பின்புறத்தை முன்புறமாக்கிச் செல்கிறார்கள். காற்று மிகுந்தால் ஓர் ஆள் கழியின்மீது நடந்து சென்று நிற்பான். மேலும் மிகுந்தால் இருவர் நிற்பர். நெம்புகோலின் தத்துவத்தை வகுப்பறையில் எத்தனை முறை விளக்கியும் விளங்கிக்கொள்ளாத மாணவன் ஒருவன், அன்று கழியின் நுனியில் நின்று அதனை ஒரு நொடியிற் கற்றுக்கொண்டான்!

ஓடம் தீவைச் சுற்றி வருகையில் அதன் வரலாற்றை மாணாக்கருக்குக் கூறினோம். கோமகன் எனத் தம்மைக் குறித்துக்கொண்ட பிரெஞ்சுக்காரராகிய டி மோனி, தாம் கனவிற் கண்ட சொர்க்கத்தை உலகெங்கும் தேடி, 1920களில் இப்பாறையைக் கண்டு மயங்கினார். எண்கோண வடிவில் மாளிகை எழுப்பினார். பாறை இடுக்குகளிற் சோலை வளர்த்தார். அதுபற்றி 1937இல் நூலொன்றும் வெளியிட்டார். 1950களில் அமெரிக்க எழுத்தாளர் போல் பௌல்ஸ் இத்தீவின் உடைமையாளரானார். அவர் மனைவிக்கோ இவ்விடம் சற்றும் பிடிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே அவர் அதனை விற்றுவிட்டார். இன்று அது செல்வர்கள் வாடகைக்கு எடுத்துத் தங்கும் விடுதி.

விருந்தினர் தங்கியிருந்தமையால் நாம் படியேற இயலவில்லை. இறங்குதுறைக்கு அண்மையில் ஓடம் ஆடி நின்றது. "சேர், இந்தக் கடலும் அவர்களுடையதா?" என்று கேட்டான் இளைய மாணவன். நண்பர் அவ்வினாவைச் சிங்களத்தில் மொழிபெயர்த்தார். முதிய ஓடக்காரர் நகைத்தார். பின்னர் மெல்லச் சொன்னார்: 2004 மார்கழி 26ஆம் நாள் கடல் அவருடைய ஓடத்தைக் கொண்டுபோய்விட்டதாம். சில மாதம் கடலின் முகத்தையே பார்க்காதிருந்து, பின் கடன்பட்டு இவ்வோடத்தைக் கட்டினாராம். "கடல் யாருடையதும் அன்று. நாம்தாம் அதற்கு உரியவர்கள்" என்றார். எம் மாணாக்கர் எவரும் மறுமொழி கூறவில்லை. அவர்களுள் இருவர் கரையோரக் கிராமத்துப் பிள்ளைகள்.

திரும்பும் வழியிற் புகையிரதம் நாவற்குழியை அணுகியபோது, அதுவரை கூறாதிருந்த ஒன்றை அவர்களுக்குக் கூறினோம். அத்தீவை ஆக்கிய டி மோனி இறுதி மூச்சை விட்டது அம்மாளிகையில் அன்று. 1941இல் இந்நாவற்குழியில் ஒரு தென்னந்தோட்டத்தில் அவர் உயிர் பிரிந்தது. அடக்கமானதும் யாழ்ப்பாணத்து மண்ணிலேயே.

உறக்கத்திலிருந்த மாணாக்கரும் எழுந்து சாளரத்தருகே வந்தனர். வெளியே தென்னைகளும் உவர்நிலமும் மாலை வெயிலிற் கிடந்தன. உலகெங்கும் தேடி ஒரு தீவைப் பெற்றவருக்கு, தேடாமலே கிடைத்த இடம் இது. "நாங்கள் இவ்வழியே எத்தனை முறை போயிருக்கிறோம், சேர்!" என்றான், ஓடத்தில் வினாவிய அதே சிறுவன்.

தூர தேசங்களைக் காண விரும்பும் இளைஞர்களே, சென்று காணுங்கள். ஆனால் திரும்பி வரும்போது உறங்கிவிடாதீர்கள். நும் ஊர் எல்லையிலும் காண வேண்டியது ஏதேனும் இருக்கக்கூடும்.