சேதி வந்து சேராத கடல்

1783 ஜூன் மாதம். பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து பாய் விரித்துப் புறப்பட்டார். 20ஆம் தேதி கடலூருக்கு எதிரே, எட்வர்ட் ஹியூஸின் ஆங்கிலேயக் கப்பல்களோடு மோதினார். இரு பக்கமும் உயிர்கள் போயின. ஆனால் அவர்களின் அரசுகள் சமாதானத்துக்கான முதற்கட்ட உடன்பாட்டில் ஒப்பமிட்டதோ அந்த ஆண்டு ஜனவரி 20! முடிந்த போர் என்று இரு தளபதிகளுக்கும் தெரியாது. சேதி ஜூன் கடைசியில்தான் வந்தது.

ஐரோப்பாவிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர, பாய்மரக் கப்பலுக்கு ஐந்தாறு மாதம் பிடிக்கும். அந்தக் காலத்துக் கடல் இதழ்களைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு இந்தக் கடலூர்ச் சண்டைதான் நினைவுக்கு வரும். திருகோணமலைச் சேதி லண்டனில் அச்சேறியபோது அது அரை ஆண்டுப் பழையது.

அந்த இதழ்களில் முதன்மையானது 'நேவல் கிரானிக்கிள்'. 1799 முதல் 1818 வரை மாதந்தோறும் வெளிவந்து, 40 தொகுதிகளாக நிற்கிறது. போர் அறிக்கைகள், கடல் வரைபடங்கள், கப்பல் உடைந்த கதைகள், பதவி உயர்வுகள், இறப்புச் செய்திகள் எல்லாம் அதில் உண்டு. 1799இல் கடற்படைத் தளபதி நெல்சனே தன் வாழ்க்கைக் குறிப்பை இந்த இதழுக்காக எழுதிக் கொடுத்தார். இளம் மாலுமியாகத் தான் கீழைக் கடல்களில் சுற்றியதையும் அதில் சொல்கிறார். புனைபெயரில் அதிகாரிகள் எழுதிய கடிதங்களை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். சம்பளக் குறையும் கட்டாய ஆள்பிடிப்பின் கொடுமையும் அரசாங்க அறிக்கைகளில் இப்படி வாய்விட்டுப் பேசப்படுவதில்லை.

அச்சில் வந்ததை அப்படியே நம்பிவிடவும் முடியாது. கப்பலின் நாட்குறிப்போடு ஒப்பிடும்போது சில சமயம் தேதி ஒரு நாள் தள்ளி நிற்கும். யாரும் பொய் எழுதவில்லை. அன்றைய மாலுமிக்கு நாள் பிறந்தது நள்ளிரவில் அல்ல, உச்சிப்பொழுதில். சூரியன் உச்சிக்கு வரும்போது அதன் உயரத்தை அளந்து, கப்பல் நிற்கும் இடத்தைக் கணித்து, புதிய நாளைத் தொடங்குவார்கள். அதனால் கரையில் 19ஆம் தேதி பிற்பகலாக இருப்பது கப்பலில் 20ஆம் தேதி. பிரிட்டிஷ் கடற்படை இந்த வழக்கத்தை 1805இல்தான் கைவிட்டது. இது தெரியாமல் திருகோணமலைக் கடற்போர்களுக்கு நாள் குறித்தால் கணக்கு இடறும்.

'நேவல் கிரானிக்கிள்' இதழைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பாதிரியார் ஜேம்ஸ் ஸ்டானியர் கிளார்க். பின்னாளில் அரண்மனை நூலகராக இருந்தபோது, 'எம்மா' நாவலை இளவரசருக்குக் காணிக்கையாக்கலாம் என்று நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினுக்கு அறிவித்தவரும் அவரே. ஜேனின் தம்பி சார்ல்ஸ் கடற்படைக்காரர். 1804இல் கமாண்டர், 1810இல் கப்டன். அந்த ஆண்டுகளின் பதவி உயர்வுப் பட்டியல்களில் தேட வேண்டிய பெயர் அது. 1852 அக்டோபரில், பர்மியப் போரின் நடுவே, ஐராவதி ஆற்றில் வாந்திபேதியால் அவர் இறந்தார். அப்போது வயது 73. அடக்கம் செய்த இடம் திருகோணமலை.