இருமுகத் துவாரத்துக்கு ஓர் இடைச்சுவர்

நோர்வூட்டைச் சூழ்ந்த தோட்டங்களிலே பறிக்கப்படும் கொழுந்து, தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என வழங்கும் தொழிற்சாலையில் வாட்டி, அரைத்து, உலர்த்திச் சலித்த பின்னரே தேயிலையாகின்றது. இலங்கைத் தேயிலைத் தொழிற்சாலைகளில் இதன் கடைக்கூற்றில் நிறம்பிரிக்கும் இயந்திரமும் இன்று இடம்பெறுகின்றது. தூளிடையே கிடக்கும் காம்பைக் கமராவாற் கண்டறிந்து, காற்றால் ஊதித் தள்ளும் இவ்வியந்திரத்தின் மூளை ஒரு மின்சுற்றுப் பலகையாகும். இத்தகைய பலகைகளுக்கு வெளியுலகோடுள்ள வாயில்களுள் ஒன்று யூ.எஸ்.பி. துவாரம்.

அது இருமுகமுடையதாயும் அமையலாம். பென்ட்ரைவைச் செருகினால் இயந்திரமே தலைமையேற்று, 5 வோல்ற்று மின்னையும் ஈயும். பழுதுபார்ப்பவரின் மடிக்கணினியைத் தொடுத்தாலோ தலைமை கணினிக்குச் சென்றுவிடும்.

பென்ட்ரைவு வேறெதனோடும் தொடர்பற்றது. அதனால் தீங்கு நேர்வது அரிது. மடிக்கணினியோ தன் மின்னூட்டி வழியாக ஒரு புவித்தொடுப்பைப் பற்றி நிற்கக்கூடும். இயந்திரம் வேறொன்றைப் பற்றி நிற்கும். பூமி ஒன்றுதானே என்று எண்ணலாம். ஆயினும் மோட்டரில் மின் கசியும்போதும், பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் அருகே மின்னல் வீழும்போதும் அவ்விரண்டுக்குமிடையே அழுத்த வித்தியாசம் தோன்றும். அம்மின்னோட்டம் மெல்லிய யூ.எஸ்.பி. கம்பியூடாகப் பாய்ந்து, பலகையையும் கணினியையும் ஒருங்கே எரித்துவிடக்கூடும். புதுப் பலகை வந்துசேரும்வரை கொழுந்து காத்திராது.

துவாரத்துக்கும் பலகைக்குமிடையே மின் கடவாத சுவரொன்றை எழுப்புவதே பரிகாரம். நுண்ணிய நிலைமாற்றியின் காந்தப்புலத்தாலோ, கொள்ளளவியின் மின்புலத்தாலோ செய்தி மட்டும் அச்சுவரைக் கடக்கும்.

தொல்லை இருமுகத்திலேதான் உளது. யூ.எஸ்.பி. 2.0 முறையில் ஒரே சோடிக் கம்பியில் இருதிசையும் செய்தி செல்லும். எத்திசையென உரைக்கத் தனிக்கம்பி இல்லை. தலைமைப் பக்கம் எது, பணிப் பக்கம் எது என முன்னரே வரையறுத்த தனிப்படுத்திகள் இங்கே உதவா. தொடுப்பைக் கண்டு தாமே பக்கம் மாற்றும் சில்லுகள் வேண்டும். மின்வழங்கலும் அவ்வாறே. பென்ட்ரைவுக்கு 500 மில்லியம்பியர் வரை சுவரைக் கடத்தித் தர இன்னொரு நிலைமாற்றி வேண்டும். கணினி தொடுக்கப்பட்டதும் அவ்வழங்கல் நின்றாகவும் வேண்டும். இவையெல்லாம் செவ்வனே அமைந்த பின்னர், துவாரத்தின் உலோக உறையை இயந்திர உடலோடு நேரே திருகிப் பொருத்திவிடுவோரும் உளர்! கேபிளின் கவசம் வழியாகச் சுவரைச் சுற்றி மின் பாய அதுவே கள்ளவழியாகும்.

இக்காப்பில்லாத இயந்திரங்களில், மடிக்கணினியின் மின்னூட்டியைக் கழற்றி, அதன் மின்கலத்தில் இயக்கியபடி கேபிளைத் தொடுத்தால் அந்தப் புவி வளையமாவது அறுபடும்.