உங்கள் நிலத்துக்கு என்ன வர்ணம்?

ஊரை மாற்றும் வரைபடம். ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம்!

நகரத் திட்டத்தின் வரைபடத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

அதில் மஞ்சள் இருக்கும். பச்சை இருக்கும். நீலமும் ஊதாவும் இருக்கும். குறுக்கும் நெடுக்கும் கோடுகள் ஓடும். பார்த்தால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வர்ணம் தீட்டிய படம் போலத் தோன்றும்.

ஆனால் அது விளையாட்டுப் படம் அல்ல. உங்கள் வயலில் நாளை வீடு கட்டலாமா, கூடாதா என்பதை அந்தப் படம்தான் சொல்லும். உங்கள் வீட்டின் மீது இரண்டு கோடுகள் போயிருந்தால், அங்கே ஒரு ரோடு வரப்போகிறது என்று அர்த்தம்!

இதற்கு "முழுமைத் திட்டம்" என்று பெயர். "மாஸ்டர் பிளான்" என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். ஓர் ஊர் இன்னும் இருபது, முப்பது ஆண்டுகளில் எப்படி வளர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் மாஸ்டர் பிளான்.

இந்தத் திட்டத்தை முடிவு செய்வதற்கு முன்னால், பொதுமக்களைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டு ஊர்கள்

ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் எடுத்துக்கொள்வோம்.

இரண்டும் விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஊர்கள். மேற்கே மலை. மலை அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும். கீழே கண்மாய்களும் வயல்களும்.

ராஜபாளையத்துக்குச் சோறு போடுவது பஞ்சு. நூற்பு ஆலைகளில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள். பக்கத்தில் உள்ள சத்திரப்பட்டியில், ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய கட்டுத் துணி நெய்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆண்டாள் கோவிலால் பெருமை. பால்கோவாவால் பெயர்.

2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி, ராஜபாளையத்தில் 1 லட்சத்து 30 ஆயிரம் பேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் 75 ஆயிரம் பேர்.

மதுரையில் இருந்து கொல்லம் போகும் ரோடு இரண்டு ஊர்களின் வழியாகவும் செல்கிறது. இரண்டுக்கும் இடையே பத்து, பதினொரு கிலோமீட்டர் தூரம்தான். ரோட்டோரத்து நிலம் என்றால் விலைக்குக் கேட்கவா வேண்டும்?

இப்படிப்பட்ட இடத்தில், "இங்கே வீடு, அங்கே வயல், அதோ அங்கே ஆலை" என்று கோடு போடுவது சின்ன விஷயம் அல்ல.

வர்ணம் என்ன சொல்கிறது?

வழக்கமாக மஞ்சள் என்றால் குடியிருப்பு. நீலம் என்றால் கடை, வியாபாரம். ஊதா என்றால் தொழிற்சாலை. பச்சை என்றால் பெரும்பாலும் விவசாயம். படத்தின் ஓரத்தில் இதற்கு விளக்கம் போட்டிருப்பார்கள். முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

ஒரு நிலத்தில் இன்று நடப்பது நாளையும் நடக்கலாம். யாரும் உடனே வந்து தடுக்க மாட்டார்கள். புதிதாக எதையாவது கட்டப் போகும்போதுதான் வர்ணம் குறுக்கே நிற்கும்!

மகளின் கல்யாணத்துக்காக அரை ஏக்கரை விற்கப் போகிறார் ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்வோம். நிலம் மஞ்சளில் இருந்தால் ஒரு விலை. பச்சையில் இருந்தால் வேறு விலை. ரோட்டுக் கோடு விழுந்திருந்தால் வாங்க ஆளே வரமாட்டார்கள்.

அதனால், மாஸ்டர் பிளானே கூடாது என்று நினைக்கலாமா? கூடாது. திட்டம் இல்லாத ஊரில், வீட்டுக்குப் பக்கத்தில் ஆலைப் புகை வரும். சந்துக்குள் ஆம்புலன்ஸ் நுழைய முடியாது. மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வந்து நிற்கும்.

தேர் ஓடும் வீதி

திட்டம் போட்டு ஊர் கட்டுவது நமக்குப் புதிது அல்ல.

ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் வருகிறது. எவ்வளவு பெரிய தேர்! அது திரும்ப வேண்டும் என்றால் வீதி அகலமாக இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்காரர் திண்ணையை இரண்டு முழம் நீட்டினாலும் தேர் நின்றுவிடும். அதனால், தேர் ஓடும் வீதிகளின் அகலத்தை ஊரே காத்து வந்தது.

அந்தக் காலத்து மாஸ்டர் பிளான் அதுதான். அது காகிதத்தில் இல்லை. ஊர்க்காரர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கடலில் மூழ்கிய படங்கள்

நம் கோவில் நகரங்களின் இந்த அமைப்பைப் பார்த்து வியந்தார் ஒரு வெளிநாட்டுக்காரர். அவர் பெயர் பாட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர்.

ஊர்களை எப்படி அமைப்பது என்று காட்டும் ஒரு கண்காட்சியை, 1914-ம் ஆண்டு சென்னைக்குக் கொண்டுவர அவர் புறப்பட்டார். படங்களும் வரைபடங்களும் தனிக் கப்பலில் வந்தன. அப்போது முதல் உலக யுத்தம். சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல் எம்டனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே எம்டன், கெடிசின் படங்கள் வந்த கப்பலையும் மூழ்கடித்துவிட்டது!

கெடிஸ் மனம் தளரவில்லை. சீமையில் இருந்த நண்பர்கள் வேறு படங்களைச் சேகரித்து அனுப்பினார்கள். 1915-ம் ஆண்டு சென்னையில் கண்காட்சி நடந்தது.

பிறகு அவர் ஊர் ஊராகப் போனார். "முதலில் ஊரை நடந்து பார். அங்கே வாழ்கிறவர்களைத் தெரிந்துகொள். பிறகு கோடு போடு" என்பது அவருடைய கொள்கை. நேர் ரோடு போடுவதற்காக வீடுகளை வரிசையாக இடிப்பது அவருக்குப் பிடிக்காது.

இந்தூரில் என்ன செய்தார் தெரியுமா? அங்கே அப்போது பிளேக் நோய். ஜனங்களுக்கோ அதிகாரிகளைக் கண்டாலே பயம். தீபாவளிக்குப் பெரிய ஊர்வலம் விட ஏற்பாடு செய்தார் கெடிஸ். "எந்தத் தெருவில் வீடுகள் சுத்தமாக இருக்கின்றனவோ, அந்தத் தெரு வழியாகத்தான் ஊர்வலம் வரும்" என்று அறிவித்தார். அவ்வளவுதான்! ஜனங்களே தெருவைக் கூட்டினார்கள். வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். ஊர்வலத்தில் ராவணன் வந்தான். பிளேக் நோயைப் பரப்பும் எலியின் பெரிய உருவமும் வந்தது.

ஜனங்களைச் சேர்த்துக்கொண்டால் திட்டம் பலிக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சென்னை மாகாணத்தில் நகரமைப்புக்கு முதல் சட்டம் வந்தது 1920-ம் ஆண்டில். இன்று நடைமுறையில் இருப்பது, 1971-ம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம்.

இதன்படி, உள்ளூர் திட்டக் குழுமம் முதலில் ஒரு நகல் திட்டத்தைத் தயாரிக்கும். சர்க்கார் சம்மதம் கொடுத்ததும், கெஜட்டிலும் பத்திரிகையிலும் அறிவிப்பு வரும்.

அந்த நாளில் இருந்து கெடு ஆரம்பம். ஆட்சேபம் சொல்லவும் யோசனை சொல்லவும் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். நிலம் உள்ளவர்தான் எழுதலாம் என்பது இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம். வாடகை வீட்டில் இருப்பவரும் எழுதலாம். ஆலைத் தொழிலாளியும் எழுதலாம்.

"என்னை நேரில் விசாரிக்க வேண்டும்" என்று கேட்டவருக்கு, நேரில் பேச வாய்ப்புக் கொடுக்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும்! ஆகவே, மனுவில் இந்த ஒரு வரியை மறக்கக் கூடாது.

பிறகு திட்டத்தைத் திருத்தி, மேலே அனுப்புவார்கள். சர்க்கார் ஒப்புதல் கொடுத்துவிட்டால் திட்டம் முடிவானது. அதன் பிறகு ஒரு நிலத்தின் வர்ணத்தை மாற்ற வேண்டும் என்றால், தனியாக மனுப் போட வேண்டும். பணம் கட்ட வேண்டும். மாதக்கணக்கில் நடக்க வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் எழுதினால், ஒரு வெள்ளைத் தாளோடு போகும்!

எழுதினால் நடக்குமா?

"நாலு பேர் எழுதினால் சர்க்கார் கேட்டுவிடுமா?" என்று சிலர் கேட்பார்கள்.

பம்பாயில் நடந்ததைப் பாருங்கள். 2034-ம் ஆண்டு வரைக்கும் அந்த நகரத்துக்கு ஒரு திட்டம் போட்டார்கள். 2015-ம் ஆண்டு நகல் வெளிவந்தது. ஜனங்கள் உற்றுப் பார்த்தார்கள். இருக்கிற கட்டிடங்களின் மேலேயே ரோட்டுக் கோடு ஓடியது! பழைய கட்டிடங்கள் பல விட்டுப்போயிருந்தன. ஆயிரக்கணக்கில் ஆட்சேபங்கள் குவிந்தன. அதே ஆண்டு ஏப்ரல் மாதம், நகலைத் திருத்தி எழுதும்படி முதல் மந்திரி உத்தரவு போட்டார். திருத்திய திட்டத்துக்கு 2018-ம் ஆண்டில்தான் ஒப்புதல் கிடைத்தது.

பெரிய நகரத்திலேயே இவ்வளவு தவறு என்றால், சிறிய ஊர்களில் நேராதா?

ஊர்க்காரருக்குத்தான் தெரியும்

வானத்தில் இருந்து எடுத்த படத்தை வைத்துத்தான் இப்போது வரைபடம் போடுகிறார்கள். அதில் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாய் தெரியும். ஆனால், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் சின்ன ஓடை தெரியுமா? கோடையில் எடுத்த படம் என்றால், அது வெறும் தரிசாகத் தெரியும். அதற்கு மஞ்சள் அடித்துவிட்டால்? அங்கே வீடுகள் வரும். கண்மாய்க்குத் தண்ணீர் வராது. தண்ணீர் வீட்டுக்குள் வரும்!

எந்த ஓடை எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்பது தாத்தாவுக்குத் தெரியும். ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும். அவர்கள் சொன்னால்தான் வரைபடம் சரியாகும்.

மலைப் பக்கமும் அப்படித்தான். சாம்பல் நிற அணிலுக்காக 1988-ம் ஆண்டு இங்கே சரணாலயம் அமைந்தது. 2021-ம் ஆண்டு அது புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. காட்டுக்குள் கோடு சரியாக இருந்தால் போதாது. காட்டை ஒட்டிய தோப்புகளில் என்ன வரப்போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். யானை எந்த வழியாக இறங்குகிறது என்று தோப்புக்காரருக்குத் தெரியும்.

மனுவில் என்ன எழுதுவது?

பெரிய இங்கிலீஷ் வேண்டாம். தமிழில் எழுதினால் போதும்.

முதலில் பெயர், விலாசம். அடுத்து கிராமம், சர்வே நம்பர். இது பட்டாவில் இருக்கும். வரைபடத்தில் என்ன வர்ணம் போட்டிருக்கிறார்கள், அங்கே உண்மையில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். என்ன மாற்றம் வேண்டும், ஏன் வேண்டும் என்று சொல்ல வேண்டும். பட்டா நகலும், இருந்தால் போட்டோவும் சேர்க்கலாம். "நேரில் விசாரிக்க வேண்டும்" என்று முடிக்க வேண்டும். கொடுத்ததற்கு ரசீது வாங்க வேண்டும். கெடுவுக்குள் கொடுக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. ரோட்டுக்கோ பூங்காவுக்கோ ஒரு நிலத்தை ஒதுக்கிவிட்டு, அறிவிப்பு வந்த மூன்று ஆண்டுக்குள் சர்க்கார் அதை எடுக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த ஒதுக்கீட்டில் இருந்து நிலம் விடுபட்டதாகச் சட்டம் சொல்கிறது. இது தெரியாமல் எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் விற்காமலும் கட்டாமலும் காத்துக் கிடந்தார்கள்!

அடுத்த முறை நகரசபை ஆபீசுக்கு வரி கட்டப் போகும்போது, "நம் ஊருக்கு மாஸ்டர் பிளான் இருக்கிறதா? புதிய நகல் எப்போது வரும்?" என்று கேளுங்கள். பையனையும் பெண்ணையும் கூட்டிப் போங்கள். வரைபடத்தில் நம் வீடு எங்கே என்று அவர்களைத் தேடச் சொல்லுங்கள். அந்தத் திட்டம் நடக்கும் காலத்தில், ஊரில் வாழப் போகிறவர்கள் அவர்கள்தானே!