காவிரி மகசீர் தூண்டில் மீன்பிடிப்பு

காவிரி மகசீர் தூண்டில் மீன்பிடிப்பு என்பது, கருநாடகத்தில் காவிரி ஆற்றின் சில பகுதிகளைக் குத்தகைக்கு எடுத்து, கட்டணம் செலுத்தும் தூண்டிலாளர்களைக் கட்டுப்பாடான விதிகளின் கீழ் மகசீர் மீன்களைப் பிடிக்க அனுமதித்த முறையைக் குறிக்கும். பிடிக்கப்பட்ட மீன்கள் அனைத்தும் உயிருடன் ஆற்றிலேயே விடப்பட்டன. 1970களில் தொடங்கிய இம்முறை, பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் தூண்டில் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்ட 2012 ஆம் ஆண்டு வரை நடைபெற்றது. ஐரோப்பிய ஆறுகளில் சால்மன் மீன்பிடிப்புக்காக ஆற்றுப் பகுதிகள் வாடகைக்கு விடப்படும் வழக்கத்துடன் இது ஒப்பிடத்தக்கது. இம்முகாம்களில் எழுதப்பட்ட பதிவேடுகளே, காவிரிக்கே உரிய திமில் மகசீர் அழிவின் விளிம்பில் இருப்பதைப் பின்னாளில் அறிவியலாளர்களுக்குக் காட்டிக்கொடுத்தன.

மீன் இனங்கள்

மகசீர் என்பது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த, பெரிய செதில்களும் தடித்த உதடுகளும் கொண்ட பெருமீன்களின் பொதுப் பெயர் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை தோர் என்னும் பேரினத்தில் அடங்கும். வேகமாக ஓடும், உயிர்வளி மிகுந்த, பாறைகள் நிறைந்த ஆறுகளில் இவை வாழ்கின்றன. மழைக்காலத்தில் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறி இனப்பெருக்கம் செய்கின்றன. காவிரியைப் பொறுத்தவரை இரண்டு இனங்கள் முக்கியமானவை.

திமில் மகசீர் (தோர் ரெமாதேவியை): காவிரி வடிநிலத்தில் மட்டுமே இயற்கையாகக் காணப்படும் இனம். தலைக்குப் பின்னால் முதுகு திமில் போல உயர்ந்திருக்கும். துடுப்புகள் செம்மஞ்சள் நிறச் சாயல் கொண்டவை. உலகின் மிகப் பெரிய மகசீர்களுள் ஒன்று. 1946 மார்ச் 22 அன்று காவிரியின் துணையாறான கபினியில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் பிடித்த 120 பவுண்டு (ஏறத்தாழ 54 கிலோ) எடையுள்ள மீன், தூண்டிலில் பிடிபட்ட மகசீர்களுள் மிகப் பெரியதாகக் குறிப்பிடப்படுகிறது.

நீலத்துடுப்பு மகசீர் (தோர் குத்ரீ): தக்காணத்தில் கிருட்டிணா வடிநில ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட இனம். 1839 இல் சைக்சு என்பவரால் விவரிக்கப்பட்டது. காவிரிக்கு இது மனிதரால் கொண்டுவரப்பட்டது.

பின்னணி

பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் இந்தியாவுக்கு வந்த அலுவலர்கள், தம் நாட்டுச் சால்மன் மீன்பிடிப்புக்கு ஈடாக மகசீரைக் கருதினர். சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த என்றி சல்லிவன் தாமசு 1873 இல் வெளியிட்ட தம் நூலில், ஒத்த அளவுள்ள சால்மனைவிட மகசீரே வலுவாகப் போராடும் மீன் என்று வாதிட்டார். மீனியலாளர் பிரான்சிசு டே அதே ஆண்டில் இந்திய நன்னீர் மீன்வளம் பற்றிய அறிக்கையை வெளியிட்டார்.

மலைப்பகுதிகளில் வேறொரு முயற்சியும் நடந்தது. சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த டிரவுட் மீன்கள் நீலகிரி நீரோடைகளில் அறிமுகப்படுத்தப்பட்டன. இதற்காக 1907 இல் அவலாஞ்சியில் மீன் குஞ்சுப் பொரிப்பகம் அமைக்கப்பட்டது. பூச்சி போன்று இறகாலும் நூலாலும் செய்யப்பட்ட போலி இரையைக் கொண்டு டிரவுட் பிடிக்கும் முறை இங்கு வேரூன்றியது. இதற்கு முன்பே, நீலகிரியில் வேட்டையையும் மீன்பிடிப்பையும் கட்டுப்படுத்த 1879 இல் நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. உரிமம் பெற்றவர் மட்டுமே, குறிப்பிட்ட காலத்தில் மட்டுமே பிடிக்கலாம் என்னும் கருத்து தமிழ்நாட்டுப் பகுதியில் சட்ட வடிவம் பெற்றதற்கு இது ஒரு தொடக்ககால எடுத்துக்காட்டு ஆகும். 1897 இல் வந்த இந்திய மீன்வளச் சட்டம், நீர்நிலைகளில் வெடிபொருளையும் நஞ்சையும் பயன்படுத்தி மீன் கொல்வதைக் குற்றமாக்கியது.

இந்திய விடுதலைக்குப் பின் மகசீர் தூண்டில் மீன்பிடிப்பு பெருமளவு மறக்கப்பட்டது. அணைகள், வெடி வைத்தல், நெருக்கமான வலைகள் ஆகியவற்றால் மகசீர் அழிந்துவிட்டதாகவே பலர் எண்ணினர். 1977-78 இல் இந்திய ஆறுகளில் பயணம் செய்த ஆங்கிலேயத் தூண்டிலாளர் குழு ஒன்று காவிரியில் பெரிய மகசீர்களைப் பிடித்தது. இச்செய்தி வெளிநாடுகளில் பரவியதால் காவிரிக்குத் தூண்டிலாளர்கள் மீண்டும் வரத் தொடங்கினர்.

குத்தகை முறை

தமிழ்நாட்டிலும் கருநாடகத்திலும் ஏரி, குளங்களின் மீன்பிடி உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விடுவது நெடுநாள் வழக்கமாகும். அம்முறையில் குத்தகைதாரர் தாம் செலுத்திய தொகையை மீனை விற்றுத்தான் ஈட்ட வேண்டும். எனவே குத்தகைக் காலம் முடிவதற்குள் இயன்ற அளவு மீனைப் பிடிப்பதே அவருக்கு ஆதாயம் ஆகும்.

காவிரியில் பின்பற்றப்பட்ட முறை இதற்கு நேர் எதிரானது. 1972 இல் பெங்களூரில் தோற்றுவிக்கப்பட்ட தென்னிந்திய வனவிலங்குச் சங்கம், காவிரியின் ஒரு பகுதியில் மீன்பிடி உரிமையைக் குத்தகைக்குப் பெற்றது. இங்கு வருமானம் மீனிலிருந்து வரவில்லை; மீனைத் தேடி வந்தவர்களிடமிருந்து வந்தது. ஒரே மீன் பல ஆண்டுகளில் பலமுறை பிடிபட்டு விடுவிக்கப்படலாம் என்பதால், இறந்த மீனைவிட உயிருள்ள மீனே மதிப்பு மிக்கதாயிற்று. குத்தகைத் தொகையும் காவலர் ஊதியமும் தூண்டிலாளர்களின் கட்டணத்திலிருந்தே பெறப்பட்டன.

பின்னர், 1980 இல் நிறுவப்பட்ட கருநாடக அரசின் சங்கிள் லாட்சசு நிறுவனம் பீமேசுவரி, தொட்டமாக்கலி, காலிபோரே ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்களை நடத்தியது. சிவசமுத்திரம் அருவிக்குக் கீழே, காவிரி ஆழமான பள்ளத்தாக்கில் பாய்ந்து தமிழ்நாட்டு எல்லையை நெருங்கும் பகுதியில் இம்முகாம்கள் அமைந்திருந்தன. இதே ஆறு மேலும் கீழிறங்கி ஒகேனக்கல்லை அடைகிறது.

முகாம்களின் விதிகள்

முகாம்களில் பின்பற்றப்பட்ட நடைமுறைகளுள் முக்கியமானவை வருமாறு:

1. பிடிபடும் மகசீர் எந்த அளவினதாயினும் உயிருடன் ஆற்றில் விடப்பட வேண்டும்.
2. தூண்டிலாளர் தனியாக மீன்பிடிக்க முடியாது; உள்ளூர் வழிகாட்டி ஒருவர் உடன் இருப்பார்.
3. மீன்பிடிப்பு காலை, மாலை வேளைகளில் குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டுமே நடைபெறும்.
4. மீன்பிடித்த நேரமும் பிடிபட்ட மீன்களின் இனம், எடை ஆகியனவும் பதிவேட்டில் எழுதப்படும்.

வழிகாட்டிகளைக் குறிக்க 'கில்லி' என்னும் சொல் முகாம்களில் வழங்கியது. இசுக்காட்லாந்துச் சால்மன் ஆறுகளில் தூண்டிலாளருக்குத் துணை செல்பவரைக் குறிக்கும் சொல்லே இங்கும் வந்து சேர்ந்தது. இவர்களுள் சிலர் முன்னர் திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள். ஆற்றின் மடுக்களையும் பாறைகளையும் மீனின் நடமாட்டத்தையும் நன்கு அறிந்திருந்த அவர்களுக்கு நிலையான ஊதியம் கிடைத்ததால், அந்த அறிவு மீனைக் காப்பதற்குப் பயன்பட்டது.

மகசீர் பெரும்பாலும் போலிப் பூச்சியால் அன்றி, கேழ்வரகு மாவை வேகவைத்துப் பிசைந்து உருட்டிய உருண்டையால் பிடிக்கப்பட்டது. தூண்டிலில் சிக்கிய பெருமீன் பாறைகளுக்கு இடையே நுழைந்துவிட்டால், வழிகாட்டியும் தூண்டிலாளரும் பரிசலில் சென்று கயிற்றை விடுவிப்பர்.

பதிவேடுகளின் சான்று

வணிக மீன்பிடிப்பு இல்லாத ஆற்றில் மீன்களின் எண்ணிக்கையைக் கணிப்பது கடினம். பாறைகளும் ஆழமான மடுக்களும் முதலைகளும் உள்ள காவிரிப் பள்ளத்தாக்கில் வலை வீசி ஆய்வு செய்வது ஏறத்தாழ இயலாத செயல். எனவே தூண்டிலாளர் ஒரு மணி நேரத்தில் எத்தனை மீன் பிடித்தார் என்னும் கணக்கே கிடைக்கக்கூடிய அளவீடாக இருந்தது.

காலிபோரே முகாமின் 1998 முதல் 2012 வரையிலான பதிவேடுகளை ஏட்ரியன் பிண்டர், இராசீவ் இராகவன், இராபர்ட்டு பிரிட்டன் ஆகியோர் ஆராய்ந்து 2015 இல் வெளியிட்டனர். இக்காலத்தில் 23,620 மணி நேர மீன்பிடிப்பில் 6,161 மகசீர்கள் பிடித்து விடுவிக்கப்பட்டிருந்தன. அதாவது சராசரியாக ஏறத்தாழ 4 மணி நேரத்துக்கு ஒரு மீன். அவற்றின் எடை 1 பவுண்டு முதல் 104 பவுண்டு வரை இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பிடிபட்ட மீன்களின் எண்ணிக்கை உயர்ந்தது. சராசரி எடை குறைந்தது. இளமீன்கள் மிகுதியாகப் பெருகுகின்றன என்பதற்கு இது அடையாளம். காவலுள்ள ஆற்றில் மகசீர் பெருகியது என்பதை இம்முடிவு உறுதி செய்தது.

ஆனால் அதே பதிவேடுகளை இனவாரியாகப் பிரித்தபோது வேறொரு நிலை தெரிந்தது. பெருகியது நீலத்துடுப்பு மகசீர் மட்டுமே. திமில் மகசீரின் எண்ணிக்கை தொடர்ந்து வீழ்ந்திருந்தது. பிற்காலத்தில் பிடிபட்ட சில திமில் மகசீர்களும் பெரிய, முதிர்ந்த மீன்களாகவே இருந்தன. முதிய மீன்கள் எஞ்சியிருக்க, அவற்றின் இடத்துக்கு இளமீன்கள் வந்து சேரவில்லை. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்களுக்கு இது வெற்றியாகவே தெரிந்திருக்கும்.

குஞ்சு விடுதலின் விளைவு

நீலத்துடுப்பு மகசீர் காவிரிக்கு வந்தது நல்லெண்ணத்தில் நடந்த செயலின் விளைவாகும். மகாராட்டிரத்தின் லோனாவாலாவில் தாத்தா மின் நிறுவனத்தின் மீன் பண்ணையில் 1970களில் இம்மீன் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்யப்பட்டது. அருகிவரும் மகசீரைக் காப்பதற்காக அங்கு உற்பத்தியான குஞ்சுகள் பல மாநிலங்களின் நீர்நிலைகளில் விடப்பட்டன. காவிரியும் அவற்றுள் ஒன்று.

அக்காலத்தில் மகசீர் இனங்களுக்கு இடையிலான வேறுபாடு தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கவில்லை. காவிரியின் திமில் மகசீருக்கு உறுதியான அறிவியற்பெயர் கூட இல்லை. பெயரற்ற மீன் சிவப்புப் பட்டியலில் இடம்பெற முடியாது. ஆகவே அதற்கெனத் தனிப் பாதுகாப்பும் அமையவில்லை. 2018 இல் வெளியான ஆய்வு, தமிழ்நாட்டின் மாயாற்றில் கிடைத்த மீன்களை மரபணு முறையில் ஒப்பிட்டு, திமில் மகசீரும் கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து முன்னர் விவரிக்கப்பட்ட தோர் ரெமாதேவியையும் ஒரே இனம் என நிறுவியது. பாம்பாறும் காவிரி வடிநிலத்தைச் சேர்ந்ததே. இப்பெயர் இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த மீனியலாளர் ரெமா தேவியைச் சிறப்பிக்கிறது.

அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் திமில் மகசீரை மிக அருகிய இனமாக அறிவித்தது. பல ஆறுகளில் பரப்பப்பட்ட நீலத்துடுப்பு மகசீரோ பின்னர் தீவாய்ப்பு குறைந்த இனமாக மறுவகைப்படுத்தப்பட்டது.

தடை

காவிரிப் பள்ளத்தாக்கின் இப்பகுதி 1987 இல் காவிரி வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்தது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972 க்கு அளிக்கப்பட்ட புதிய விளக்கத்தின்படி, பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் தூண்டில் மீன்பிடிப்பு 2012 இல் நிறுத்தப்பட்டது. முகாம்கள் இயற்கைச் சுற்றுலா முகாம்களாக மாறின.

தடையை ஆதரிப்பவர்கள், சரணாலயத்தில் எந்த விலங்கையும் பொழுதுபோக்குக்காகத் துன்புறுத்தக் கூடாது என்றும், பிடித்து விடப்படும் மீனுக்கும் காயமும் களைப்பும் உண்டு என்றும் கூறுகின்றனர். எதிர்ப்பவர்கள், நாள்தோறும் ஆற்றங்கரையில் இருந்த வழிகாட்டிகளும் தூண்டிலாளர்களும் அகன்றதால் வெடி வைப்போருக்கு அச்சம் நீங்கியது என்கின்றனர். தடையுடன் பதிவேடும் நின்றுபோனது. எனவே 2012 க்குப் பிந்தைய மீன் நிலையை அதற்கு முந்தைய நிலையுடன் அதே அளவுகோலில் ஒப்பிட இயலவில்லை.

சால்மன் ஆறுகளுடன் ஒப்பீடு

இசுக்காட்லாந்தில் சால்மன் பிடிக்கும் உரிமை, நிலவுரிமையிலிருந்து வேறான தனிச் சொத்துரிமை ஆகும். டே, இசுபே, டீ, டுவீடு போன்ற ஆறுகள் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, நாள் அல்லது வாரக் கணக்கில் வாடகைக்கு விடப்படுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் சால்மன் பிடிப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. தூண்டிலில் பிடித்த சால்மனை விற்பதும் 2002 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. 2016 முதல் ஆறுகள் மீன் இருப்பின் அடிப்படையில் மூன்று தரங்களாக வகைப்படுத்தப்படுகின்றன. மூன்றாம் தர ஆறுகளில் பிடிக்கும் மீனைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும்.

ஒவ்வோர் ஆற்றின் நிலைக்கேற்ப விதி இறுகவும் தளரவும் செய்வது அம்முறையின் தனித்தன்மை. இருந்தும் பெரிய பிரித்தானியாவின் அத்திலாந்திக்குச் சால்மன் 2023 இல் அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. ஆற்றங்கரை விதிகளால் மட்டும் ஒரு மீனைக் காக்க இயலாது என்பதற்கு இது சான்றாகும்.

தற்போதைய அச்சுறுத்தல்கள்

மேட்டூர் அணை (1934), பவானிசாகர் அணை (1955) உள்ளிட்ட அணைகள் காவிரி வடிநிலத்தில் மீன்களின் இடப்பெயர்வைத் தடுக்கின்றன. மணல் அள்ளுதல், வெடி வைத்தல், கழிவுநீர், கோடையில் நீரோட்டம் குறைதல் ஆகியவை பிற காரணங்கள். மேக்கேதாட்டுவில் கருநாடகம் முன்மொழிந்துள்ள அணை கட்டப்பட்டால், முன்னர் முகாம்கள் இருந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் கணிசமான பகுதி நீர்த்தேக்கமாக மாறும். இத்திட்டத்தைத் தமிழ்நாடு நீர்ப்பங்கீட்டின் அடிப்படையில் எதிர்த்து வருகிறது. ஓடும் நீரில் மட்டுமே இனப்பெருக்கம் செய்யும் திமில் மகசீருக்குத் தேங்கிய நீர் உகந்ததன்று.

முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களின் வழியே ஓடும் மாயாறு, இவ்வினம் எஞ்சியிருப்பதாக அறியப்பட்ட மிகச் சில இடங்களுள் ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்க

காவிரி ஆறு
மாயாறு
ஒகேனக்கல்
காவிரி வனவிலங்கு சரணாலயம்
அயல் இனங்கள்