இலண்டன் நிலக்கீழ்ப் புகையிரதம்: நேரமும் கட்டணமும்

1863 ஆம் ஆண்டு சனவரி 10 ஆம் நாள் பாடிங்டனுக்கும் பறிங்டனுக்குமிடையே பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்ற இலண்டன் நிலக்கீழ்ப் புகையிரதமே உலகில் இத்தகையவற்றுள் முதலாவது. இதிற் செல்வோன் நேரத்தைக் கணிக்க முற்படுங்கால், முதலில் அவனை ஏமாற்றுவது கையிலுள்ள படமேயாம். ஹறி பெக் என்பார் வரைந்து 1933 இல் வெளிவந்த படத்தின் வழிவந்த அது, நிலையங்களின் வரிசையைக் காட்டுமேயன்றித் தூரத்தைக் காட்டாது. லெஸ்டர் சதுக்கத்துக்கும் கொவென்ற் கார்டனுக்குமிடையே ஏறத்தாழ 260 மீற்றர்தான். செசம் நிலையமோ தன் அடுத்த நிலையத்துக்கு 6 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளது. முன்னதற்கு நடந்து செல்வதே நன்று.

நகர்நடுவில் நிலையத்துக்கு 2 நிமிடமெனக் கொண்டு, வண்டி மாறுமிடந்தோறும் 5 நிமிடங் கூட்டுதல் ஒருவாறு பொருந்தும். காத்திருப்புக் கணக்கோ நுட்பமானது. 4 நிமிடத்துக்கொரு வண்டி தவறாது வரின் சராசரிக் காத்திருப்பு 2 நிமிடம். அவ்வண்டிகளே 2, 6 நிமிட இடைவெளிகளில் மாறிமாறி வரின் அது 2½ நிமிடமாகும். ஏனெனில், 8 நிமிடத்தில் 6 நிமிடம் நீண்ட இடைவெளிக்கே உரியது. நால்வருள் மூவர் அதில் அகப்பட்டுச் சராசரி 3 நிமிடம் நிற்பர். எஞ்சிய ஒருவருக்கே 1 நிமிடம். வண்டிகளின் தொகை குறையாதிருந்தும் காத்திருப்புக் கூடுகின்றது! பரீட்சைக்குச் செல்வோன் சராசரியை நம்பாது 6 நிமிடத்தையும் முழுதாகக் கூட்டிப் புறப்படல் வேண்டும்.

1900 இல் திறக்கப்பெற்ற மத்திய இலண்டன் பாதையில், எங்குச் செல்லினும் 2 பென்ஸ் என்றிருந்த தொடக்க காலத்திற் கட்டணக் கணக்கே வேண்டியதில்லை. இன்றுள்ளது வலயமுறை. நகர்நடுவே முதலாம் வலயம். வேலைநாட்களிற் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் பொதுவாகக் கட்டணம் மிகும். வெளிவலயங்களுக்கிடையே செல்வோன் நடுவை விலக்கிச் சுற்றிச் சென்றாற் பெரும்பாலும் பணம் மிஞ்சும். நேரம் சிலபோது மிஞ்சாது.