கண்ணுக்குத் தெரியாத கைமுதல்

“வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்” என்பது பழமொழி. திறமை இருந்தால் போதும், மற்றவை தாமே வந்து சேரும் என்று நாமும் நம்பி வருகிறோம். ஆனால் ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒரே ஆசிரியையிடம் பயின்று, ஒரே மதிப்பெண் பெற்று வெளியேறும் இரு மாணவியரில் ஒருத்தி கல்லூரிக்குச் செல்கிறாள். மற்றொருத்தி மறுமாதமே ஷூ கம்பெனி வேனில் ஏறுகிறாள். இது ஏன்? பணம் ஒரு காரணம் தான். ஆனால் பணம் மட்டுமே காரணமன்று.

முதலாமவளின் வீட்டிற்கு நாள்தோறும் செய்தித்தாள் வருகிறது. அண்ணன் கல்லூரியில் படித்தவன். எந்தப் படிப்பிற்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும் என்பதை அவன் அறிவான். பெரியப்பா வங்கியில் பணிபுரிகிறார். கல்விக் கடன் பெறும் வழியை அவர் சொல்வார். இரண்டாமவளின் தாய் காலை முதல் மாலை வரை கம்பெனியில் ஷூவின் மேற்பகுதியைத் தைப்பவர். அந்த வீட்டில் அன்புக்குக் குறைவில்லை, உழைப்புக்கும் குறைவில்லை. ஆனால் விண்ணப்பத்தின் கடைசித் தேதி எதுவென்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. இந்தச் சிறு வேறுபாடே இருவரின் வாழ்வையும் இரு திசையில் திருப்பி விடுகிறது.

இதனை ஆராய்ந்தவர்களுள் பிரான்சு நாட்டுச் சமூகவியல் அறிஞர் பியேர் பூர்தியூ (1930-2002) குறிப்பிடத்தக்கவர். அவரே ஒரு சிற்றூரில், தபால்காரரின் மகனாகப் பிறந்தவர். பணத்தைப் போலவே தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் வேறு முதல்களும் உண்டு என்று அவர் விளக்கினார். பேசும் முறை, படிக்கும் பழக்கம், நூலறிவு, பெரியோர் முன்னும் அலுவலகங்களிலும் கூச்சமின்றி நடந்துகொள்ளும் பாங்கு ஆகியவை பண்பாட்டு மூலதனம். வேண்டிய வேளையில் வழிசொல்லவும் கைகொடுக்கவும் கூடிய மனிதர்களின் அறிமுகம் சமூக மூலதனம். வீட்டிலிருந்து வந்த இந்த முதலையே பள்ளிகள் பல வேளைகளில் பிறவி அறிவு என்று எண்ணிப் பாராட்டி விடுகின்றன என்றும் அவர் எடுத்துக்காட்டினார். ஆசிரியப் பெருமக்கள் சிந்திக்க வேண்டிய கருத்து அன்றோ இது!

தோல் தொழில் கூறும் பாடம்

இதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என நம் பாலாற்றுப் பகுதி ஊர்கள் தோலால் உலகறியப்பட்டவை. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டனர். பச்சைத் தோல் வாங்கி, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, பட்டைச் சாற்றில் பதப்படுத்தி, விற்றுப் பணம் காண வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வணிகரைத் தாங்கி நின்றது எது? வாக்கு நாணயமே. சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டியில் “இன்னாருடைய மகன்” என்ற பெயருக்குக் கடன் கிடைத்தது. தந்தையுடன் மண்டிக்குச் சென்ற சிறுவன் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கவும், விலை பேசவும், கடிதம் எழுதவும் கற்றான்.

அதே தொழிலில் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று உழைத்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். தோலின் தன்மையை அவர்களுடைய விரல்களும் நன்கு அறிந்திருந்தன. ஆனால் மண்டியில் அவர்களுக்கு அறிமுகமில்லை. கடிதம் எழுதும் கல்வியும் இல்லை. கைத்திறன் இருந்தும் கைமுதல் இல்லை. 1970-களில் மத்திய அரசு அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தது. புதிய இயந்திரங்களைப் பற்றிய அறிவும், வங்கித் தொடர்பும், அயல்நாட்டு வணிகர் அறிமுகமும் உடையோர்க்கு அம்மாற்றம் ஏணியாயிற்று. அவை இல்லாதவர் கூலியாட்களாகவே நின்றனர்.

எனினும் இவ்வணிகர் செய்த நற்செயல் ஒன்றை மறத்தல் ஆகாது. வாணியம்பாடி முஸ்லிம் சமூகத்தார் 1919-இல் இஸ்லாமியா கல்லூரியை நிறுவினர். தோல் வணிகரும் கொடையாளருமான சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரால் 1965-இல் மேல்விஷாரத்தில் ஒரு கல்லூரி எழுந்தது. தொழிலில் சேர்ந்த முதலைக் கல்வியாக மாற்றினர். பிற சமூகத்துப் பிள்ளைகளும் அக்கல்லூரிகளில் பயின்று உயர்ந்தனர்.

ராணிப்பேட்டையில் பிறந்த பெண்மணி

வேலூர் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய துணிவையும் தியாகத்தையும் நாம் அறிவோம். அவருக்கு வாய்த்த கைமுதலையும் அறிய வேண்டும். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டு இலங்கைக்கு வந்த மருத்துவர், தந்தையாரும் மருத்துவர். ஐடா அம்மையார் 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். நியூயார்க்கில் ஷெல் என்னும் வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் அளிக்க, 1902-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. அத்தகைய செல்வரைச் சந்திக்கும் வாய்ப்பு, நம்மூர் ஏழைப் பெண் ஒருத்திக்குக் கிட்டியிருக்குமா?

இதனால் அவர் பெருமை குறையவில்லை, கூடுகிறது. தமக்குக் கிடைத்த முதலை அவர் பூட்டி வைக்கவில்லை. 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1922-இல் முதல் அணியாகப் பதினான்கு பெண்கள் மருத்துவராய் வெளிவந்தனர். தாம் ஏறிய ஏணியை எடுத்து விடாமல், பிறர் ஏறவும் பிடித்து நின்றவர் அவர்.

சிபாரிசு வேறு, வழிகாட்டல் வேறு

“அப்படியானால் பெரிய மனிதர்களைப் பிடித்துச் சிபாரிசு பெறுவதுதான் வழியா?” என்று சிலர் கேட்கலாம். அன்று. சிபாரிசு, தகுதியுள்ள ஒருத்தியின் இடத்தைப் பறித்து மற்றொருத்திக்குத் தருகிறது. வழிகாட்டலோ, மேலும் ஒருத்தியை அந்த இடத்திற்குத் தகுதியுடையவளாக ஆக்குகிறது. பணத்தைப் பகிர்ந்தால் குறையும். ஒரு விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்ற அறிவை நாற்பது பேருக்குச் சொன்னாலும் சொன்னவளிடம் அது குறைவதில்லை.

அரசும் சில ஏணிகளை வைத்துள்ளது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்றவர்க்கும் விரிந்தது. ஆனால் ஏணி இருக்குமிடம் தெரிந்தவரே ஏற முடியும்!

ஆகவே மாணவியரே, தெரியாததைக் கேட்க வெட்கப்படாதீர்கள். தெரிந்ததைத் தோழிக்குச் சொல்லத் தயங்காதீர்கள். வீட்டில் இல்லாத நூல்கள் நம் பள்ளி நூலகத்தில் உண்டு. நாளொன்றுக்கு அரைமணி நேரம் அங்கே அமருங்கள். படித்து உயர்ந்த முன்னாள் மாணவியரே, ஆண்டுக்கு ஒருமுறையேனும் வந்து, நீங்கள் சென்ற வழியை உங்கள் தங்கையருக்குச் சொல்லுங்கள். அருட்சகோதரியரும் ஆசிரியைகளும், வகுப்பில் தயங்கிப் பேசுபவளை அறிவு குறைந்தவள் என்று எண்ணாமல், அவளுக்கு ஒரு கேள்வியைக் கூடுதலாகத் தர வேண்டுகிறோம். பெற்றோர்களே, “நமக்கு யாரைத் தெரியும்?” என்று சோர்ந்து, மகளின் படிப்பைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தி விடாதீர்கள். பள்ளிக்கு வந்து கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களாக நாங்கள் இருக்கிறோம்.