திரைக்குப் பின்னால் ஒரு தோட்டம்: வட சிலாங்கூர்த் தமிழர் நாடக மேடையேற்றம்

முத்தமிழுள் ஒன்றாகிய நாடகத்தை ஆராய்வோர் பெரும்பாலும் பனுவலையே முதன்மைச் சான்றாகக் கொள்கின்றனர். ஆயினும் நம் முன்னோர் அரங்கின் பின்புலத்தைப் புறக்கணித்தவர் அல்லர். சிலப்பதிகார அரங்கேற்று காதை, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடைய அரங்கை வரையறுப்பதோடு, மூவகை எழினிகளையும், தூணின் நிழல் ஆடுகளத்தில் விழாதவாறு விளக்கு நிறுத்தும் முறையையும் குறிப்பிடுகின்றது. அந்நோக்கில், கோலசிலாங்கூர் வட்டாரத்திலும் வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் தமிழ்த் தொழிலாளர் நாடகங்களை எவ்வாறு மேடையேற்றினர் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

களமும் காலமும்

2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்ற பத்தாங் பெர்சுந்தையைச் சுற்றிய தோட்டங்கள் நாட்டின் பொருளாதார வரலாற்றில் தனியிடம் பெற்றவை. இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிட்டார். எனினும் பல்லாண்டுகள் இவ்வட்டாரத்தின் வாழ்வை வகுத்தது இரப்பர் மரமே. கங்காணி முறையிலும் பின்னர்த் தனித்தும் வந்த தமிழர், லயங்களில் குடியமர்ந்து, மாரியம்மன் கோயிலை மையமாகக் கொண்டு வாழ்ந்தனர். ஆண்டுத் திருவிழாவே நாடகத்திற்குரிய முதல் வாய்ப்பாக அமைந்தது. 1952 முதல் கோ. சாரங்கபாணியின் முயற்சியால் பரவிய தமிழர் திருநாள், சமயம் சாராத மற்றொரு மேடையை வழங்கியது. முன்னதில் அரிச்சந்திரனும் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் விரும்பப்பட்டன. பின்னதில் சீர்திருத்தக் கருத்துகள் இடம்பெற்றன.

ஒத்திகையும் உழைப்பும்

தமிழகத்து ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் தனித்தனியே அமர்த்தப்பட்டு, ஒத்திகையின்றி மேடையிலேயே சந்திப்பர். பாடம் அவர்களுக்கு ஏற்கெனவே மனனம். தோட்ட நாடகமோ தொழில்முறை சாராதது. எனவே அதன் பெரும்பகுதி ஒத்திகையிலேயே உருவாயிற்று. ஒத்திகைக்குரிய நேரத்தை நிர்ணயித்தது மரம். குளிர்ந்த வைகறையில்தான் பால் நன்கு ஒழுகும் என்பதால் விடியுமுன் பிரட்டுக்குச் செல்லவேண்டும். ஒருவர் ஏறத்தாழ ஐந்நூறு மரங்களைச் சீவிப் பால் சேகரித்து, நிறுத்துக் கொடுத்துத் திரும்ப நண்பகலாகிவிடும். ஆகவே மாலை மயங்கிய பின் ஆயாக்கொட்டகையிலோ பள்ளிக்கூடத்திலோ ஒத்திகை தொடங்கும். மறுநாள் விடியலை எண்ணி இரவு முதிருமுன் முடியும்.

எழுதப் படிக்கத் தெரிந்த ஆசிரியரோ கிராணியோ வசனத்தைப் பயிற்சிப் புத்தகத்தில் படியெடுத்து, வாத்தியார் பொறுப்பை ஏற்பர். எழுத்தறியாத நடிகர் பிறர் வாசிக்கக் கேட்டே பாடம் செய்தனர். நாடக இரவில் ஒருவர் திரை மறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பார். பகலில் பெயர்ப்பட்டியலை வாசித்து வேலை கொடுக்கும் கிராணி, இரவில் பால்வெட்டுத் தொழிலாளியான அரசனுக்கு அடியெடுத்துக் கொடுக்கும் காட்சி நம் சிந்தனைக்குரியது. ஆயினும் இதனைச் சமத்துவம் என மிகைப்படுத்தலாகாது. முன்வரிசை நாற்காலிகள் துரைக்கும் கங்காணிக்கும் உரியனவாகவே இருந்தன.

மேடையும் ஒளியும் ஒப்பனையும்

மேடைக்குரிய பலகையும் கம்பும் தோட்டத்திலேயே திரட்டப்பட்டன. தச்சு வேலை அறிந்தோர் கால் நட்டுப் பலகை பரப்பினர். வண்ணம் தீட்டிய படுதாக்கள் கிட்டாதபோது வீடுகளிலிருந்து பெற்ற சேலைகள் திரையாயின. இப்படுதா மரபு பார்சி நாடகக் குழுக்களின் வழியே தமிழகத்திற்குப் பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பினாங்கில் தோன்றிய மலாய் பங்சவான் நாடகமும் அதே ஊற்றிலிருந்து நீர் பருகியது. அண்டை வாழ்ந்த இரு சமூகங்களின் மேடைகளுக்கு ஒரே மூலம் அமைந்தமை ஒப்பாய்விற்குரிய பொருளாகும்.

மின்வசதி வருமுன் பெட்ரோமாக்ஸ் விளக்குகளே ஒளி தந்தன. அவற்றிற்கு இடையிடையே காற்றடிக்கவேண்டும். இல்லையேல் ஒளி மங்கும். அதற்கெனத் தனியாள் தேவைப்பட்டார். விளக்கை எங்கே தொங்கவிட்டால் நடிகர் முகத்தில் நிழல் விழாது என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார். இளங்கோவடிகள் கூறிய அதே சிக்கலை, அக்காப்பியத்தைப் படித்திராத ஒருவர் தம் கையால் தீர்த்தார் எனலாம்.

ஒப்பனைக்குரிய ‘அரிதாரம்’ என்னும் சொல், ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமத்தைக் குறிப்பது. அது நச்சுத்தன்மை உடையது. பிற்காலத்தில் வேறு பூச்சுகள் வந்த பின்னரும் பெயர் மட்டும் நிலைத்தது. முத்துவெள்ளை, குங்குமம், விளக்குக் கரி, தேங்காய் எண்ணெய் ஆகியவற்றால் ஒப்பனை நிறைவுறும். ஸ்திரீ பார்ட் ஆடவருக்கே உரியதாயிருந்தது. எனினும் அவர் உடுத்திய சேலையும் அணிந்த நகையும் தோட்டத்துப் பெண்டிருடையவை. உடை தைத்தோரும், விடியும்வரை தேநீர் காய்ச்சியோரும் அவர்களே. மேடையில் வாசிக்கப்பட்ட நன்றியுரைகளில் இவர்கள் பெயர் அரிதாகவே ஒலித்தது.

கலைந்த அரங்கு

இம்மரபு ஏன் தேய்ந்தது? வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றின்மீது பழிசுமத்துவது எளிது. அவை காரணங்களே, ஆனால் முழுக்காரணம் அல்ல. நாடகத்திற்கு நடிகர் மட்டும் போதாது. தச்சர், தையற்காரி, விளக்காள், பின்பாட்டுக்காரர், வரி வசூலிப்போர் எனப் பலர் ஓரிடத்தில் நிலையாக வாழவேண்டும். விடுதலைக்கு முன்னும் பின்னும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1960இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அதற்கு எதிராகத் தோட்டங்களை வாங்கியும், துண்டாடல் முற்றிலும் நிற்கவில்லை. இரப்பருக்கு மாற்றாகப் பரவிய செம்பனைக்கு, ஏக்கருக்குத் தேவையான ஆள்கள் குறைவு. வீடமைப்புத் திட்டங்களும் சேர, லயங்கள் வெறுமையாயின. வெவ்வேறு குடியிருப்புகளுக்குப் பிரிந்தோரை மீண்டும் மாலை ஒத்திகைக்குக் கூட்டுவது அரிதாயிற்று. நடிகன் மறையுமுன்பே திரைக்குப் பின் நின்றவர்கள் மறைந்துவிட்டனர்.

முடிவுரை

தோட்ட நாடகம் என்பது மூன்று மணி நேர நிகழ்ச்சி மட்டுமன்று. பல மாத காலம் ஒரு சமூகம் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொண்ட முறையாகும். அதன் பனுவல்களிற் சில ஏடுகளாகவேனும் எஞ்சக்கூடும். படுதாவைச் சுருட்டிய முறை, விளக்குக்குக் காற்றடித்த கணக்கு, வீட்டுக்கு வீடு திரட்டிய வரிப்பட்டியல் ஆகியன எழுதப்படாதவை. முதியோர் நினைவில் மட்டுமே வாழ்பவை. நம் மாணவர்கள் கள ஆய்வுக்குச் செல்லுங்கால், “அரசனாக நடித்தவர் யார்?” என்று வினவுவதோடு நில்லாமல், “அவருக்குச் சேலை தந்தவர் யார்? விளக்குப் பிடித்தவர் யார்?” எனவும் வினவுதல் வேண்டும். விடை சொல்ல வல்லோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் எண்ணிக்கையோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது.